விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, ஒரு சரிவுப் பாதை கீழே இறங்குகிறது. அதன் முடிவில்தான் சலவைக்கூடம். தையல்காரி முதல் நாள் காலை ஏழு மணிக்கு அந்தச் சரிவில் இறங்கியபோது வெயில் பாதி வழி வரைக்கும்தான் கூட வந்தது. அதற்கப்புறம் ட்யூப்லைட் வெளிச்சம். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் சூடான பருத்தித் துணியும் கலந்த ஒரு வாடை. சுவருக்குள் எங்கோ நீராவிக் குழாய்கள் ‘டக்... டக்...’ என்று சொடுக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

“டெய்லர் வந்துட்டாங்க. பாத்துக்குங்க,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் சரிவில் எட்டி எட்டி நடந்து மேலே போய்விட்டார்.

நீண்ட மேசையின் இரு பக்கமும் நின்றிருந்த நான்கு பெண்களும் அவளை ஒருமுறை பார்த்தார்கள். நான்கு தலையிலும் ஒரே மாதிரி நீலத் துணி, பின்கழுத்தில் ஒரே மாதிரி முடிச்சு. பார்த்து முடித்ததும் நான்கு பேரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவள் ‘கண்ணாடி’. மற்ற இருவரும் கூடப்பிறந்தவர்கள். அக்காள்காரி வாயாடி. தங்கைக்காரியைப் ‘பொடிசு’ என்பார்கள். முப்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. இதெல்லாம் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுத் தையல்காரி தெரிந்துகொண்டதுதான். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

கிழிந்த விரிப்புகளைத் தைப்பதும், தைத்ததை மடித்து அடுக்குவதும் அவள் வேலை. தைப்பது பெரிய காரியமில்லை, மடிப்பதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரி விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது விரலோடு விரல் தொடும். நான்கு பேர் இரண்டு ஜோடி. ஐந்தாவது ஆளுக்கு ஜோடி கிடையாது. அவள் ஒரு பக்க முனைகளை மேசை விளிம்பில் வைத்து, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி மேலே பாரமாக வைத்து, தன்னந்தனியாக இழுத்துக்கொண்டிருப்பாள்.

மத்தியானம் நான்கு பேரும் மேசையின் கோடியில் கூடி உட்கார்ந்து டப்பாக்களைத் திறப்பார்கள். ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை. சூப்பர்வைசருக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அவசரம் வர்றாரு!”

“எதுக்காம்?”

“அவசரமா ஒண்ணுமில்லையாம்!”

நால்வரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். ஒரு சோப்பு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தையல்காரிக்கும் சிரிப்பு வரும். அவள் சிரிக்கத் தொடங்கினால் அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்.

அவளுக்கு இது புதிதில்லை. கணவன் வேறொருத்தியோடு குடித்தனம் போன பிறகு ஆறு வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணி கெட்டவளில்லை. ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள்தான். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் இரண்டு. “நீ அப்புறமா நிதானமா சாப்பிடேன்,” என்று அண்ணி அன்பாகத்தான் சொல்வாள். நிதானமாக, தனியாக, ஆறு வருஷம்.

இருபத்திரண்டாம் நாள் அது நடந்தது.

மத்தியான வேளை. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். தையல்காரிக்கு ஒரே ஒரு விரிப்பு பாக்கி. மறுமுனையில் வைத்திருந்த இஸ்திரிப் பெட்டி சரிந்து ‘டம்’ என்று தரையில் விழுந்தது. விரிப்பு தளர்ந்து தொங்கியது. ‘சனியனே’ என்று முணுமுணுத்தபடி அவள் குனியப் போனாள்.

விரிப்பு விறைத்தது.

மறுமுனையை யாரோ எடுத்துப் பிடித்திருந்தார்கள். பழகிய கை. சரியான இழுப்பு. கண்ணாடிக்காரிதான் மனமிரங்கி வந்திருக்கிறாள் என்று தையல்காரி நினைத்தாள். இருவரும் சேர்ந்து உதறினார்கள். வெள்ளைத் துணி காற்று குடித்து எழும்பி, இருவருக்கும் நடுவே திரையாக நின்றது. அவள் ஒரு அடி வைத்தாள். அந்தப் பக்கமும் ஒரு அடி. இன்னொரு அடி. முனைகளை வாங்கிக்கொள்ள விரல்களை நீட்டினாள்.

வந்து தொட்ட விரல்கள் கொதித்தன.

“ஆ!” என்று கையை இழுத்தாள். துணி தரையில் சரிந்தது.

எதிரே யாருமில்லை.

மேசைக் கோடியில் நான்கு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாய்கூட மெல்லவில்லை.

பெரியக்கா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் கிடைத்த இடத்தைக் கையால் தட்டினாள்.

“எதுக்கு தனியா நிக்கிற? வா தங்கச்சி. இங்க வந்து உக்காரு.”

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரம் சரிவுப் பாதையில் ஏறி ஓடியிருப்பார்கள். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். விரல் நுனிகள் சிவந்து எரிந்தன. ஆனாலும் இருபத்திரண்டு நாள் காத்திருந்த சொல்லல்லவா அது!

அதன் பிறகு வந்த நாட்களை அவள் நன்றாக அனுபவித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடி அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். வாயாடி தன் மாமியாரைப் போல நடந்து காட்டி எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். ‘அவசரம்’ வரும்போது சிரிப்பை மறைக்க மற்றவர்களோடு தையல்காரியும் சேர்ந்து இருமினாள். பெரியக்கா ஒரு நீலத் துணியைக் கொண்டுவந்து தன் கையாலேயே அவள் தலையில் கட்டி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.

“பழசா இருக்கே அக்கா. யாரோடது?”

“இங்க உன்னுது என்னுதுன்னு உண்டா? எல்லாம் ஒண்ணுதான்.”

அன்று ராத்திரி அண்ணன் வீட்டில் தனியாகச் சாப்பிடும்போது அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். “என்ன, முகம் இவ்ளோ பளிச்சுன்னு இருக்கு?” என்று அண்ணிகூடக் கேட்டாள்.

விரிப்பின் மறுமுனையை இப்போது முறை வைத்து ஒருத்தி பிடித்தாள். இருந்தாலும் சில சமயம், பக்கத்து ஜோடி உதறும்போது, தன் தோளுக்குப் பின்னால் இன்னொரு விரிப்பு உதறுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். காலையில் ஆணியிலிருந்து எடுக்கும்போது அவளுடைய தலைத்துணி மட்டும் இஸ்திரி போட்டு எடுத்தது போலச் சுடும். கூடத்தின் மூலையில் ஒரு இரும்புக் கதவு இருந்தது. அதன் பின்னால் இருந்தது சூட்டறை. துணி உலர்த்தும் மெஷின்கள் வருவதற்கு முன், ஈர விரிப்புகளை அதற்குள் தொங்கவிட்டு, நீராவிக் குழாய்ச் சூட்டில் உலர்த்துவார்களாம். குழாயைத் துண்டித்து வருஷக்கணக்காகிறது. இப்போது பழந்துணி போடும் இடம். அந்தக் கதவை உள்ளிருந்து உள்ளங்கையால் யாரோ தட்டுவது போல அவளுக்கு இரண்டு தடவை கேட்டது.

“உங்களுக்குக் கேக்குதா?” என்றாள்.

“இல்லையே,” என்றார்கள் நான்கு பேரும்.

பொடிசு மட்டும் ஒருநாள், மடித்துக்கொண்டே, தன்னை மறந்து சொன்னாள். “மூணு வருஷமாச்சு டெய்லரக்கா. இந்த வாரந்தான் நான் நல்லா தூங்குறேன்.” உடனே அவள் அக்காள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

பாய்லர்காரர் வயதானவர். அடுத்த அறையில் நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். சட்டைப் பை கிழிந்துவிட்டதென்று ஒருநாள் தைக்கக் கொண்டுவந்தார். மற்றவர்கள் துணி வாங்க வார்டுக்குப் போயிருந்தார்கள். அவளைப் பார்த்தவர், தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இது சுருட்டையோட துணியாச்சே. உனக்கு யாரு கட்டிவிட்டா?”

“சுருட்டையா? அது யாரு?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூணு வருஷம் முன்னாடி இவங்க அஞ்சு பேரு. நகமும் சதையுமாத்தான் இருந்தாங்க. என்னவோ மனஸ்தாபம். துணி எரிஞ்சு போச்சு, யாரு எரிச்சதுன்னு மேல கேட்டப்ப சுருட்டை உண்மையைச் சொல்லிட்டா. பெரியக்காவுக்குத் திட்டு விழுந்துச்சு. அன்னைக்கிலிருந்து நாலு பேரும் அவகிட்டப் பேசல. ஒரு வாரம் கழிச்சு, மத்தியானம், அவ சூட்டறைக்குள்ள துணி தொங்கவிட்டுட்டு இருந்தப்ப கதவு சாத்திக்கிச்சு. கொண்டி வெளிப்பக்கம். நான் அன்னைக்கு லீவு. சாயங்காலந்தான் திறந்திருக்காங்க.”

தையல்காரியின் ஊசி நின்றது.

“காத்துல தானா சாத்திக்கிச்சு, மெஷின் சத்தத்துல எங்களுக்குக் கேக்கலன்னு நாலு பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க. சொல்லு மாறல.” அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “காத்தாம். நீ வந்து இத்தனை நாளாச்சே, இங்க ஒரு நூல் அசைஞ்சு பாத்திருக்கியா?”

அவர் போன பிறகு தலைத்துணியை அவிழ்த்துப் பார்த்தாள். முடிச்சின் மடிப்புக்குள் ஒற்றை முடி, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடந்தது.

அப்போதே போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். செத்தவளை விட, அந்தச் சோப்பு டிரம்மின் மேல் மறுபடி தனியாக உட்காருவதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. துணியை மறுபடி கட்டிக்கொண்டாள்.

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. மறுநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டாள். “சுருட்டைன்னு ஒருத்தங்க இருந்தாங்களாமே?”

டப்பாக்களில் கைகள் நின்றன.

“பாய்லர்காரர் சொன்னாரா?” பெரியக்கா நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். “அவ எங்களோட ஒட்டவே இல்லம்மா. அதான் அப்படி ஆயிடுச்சு. நீ அப்படி இல்ல. நீ எங்க சொல்லைத் தட்டவே மாட்ட. இல்ல?”

“மாட்டேன் அக்கா.”

அதற்கடுத்த நாள், டப்பாக்களைத் திறக்கும் நேரத்தில், பெரியக்கா சொன்னாள்: “சூட்டறையில பழைய விரிப்பு ஒரு கட்டு இருக்கு. கிழிஞ்சதுக்கு ஒட்டுப்போட ஆகும். எடுத்துட்டு வந்துடு, அப்புறம் சேர்ந்து சாப்பிடலாம்.”

தையல்காரி மற்றவர்களைப் பார்த்தாள். கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வாயாடி டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பொடிசு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு உள்ளூரத் தெரிந்திருந்தது. தெரிந்தும் போனாள். மாட்டேன் என்று சொல்லி அந்த நான்கு முகமும் மறுபடி திரும்பிக்கொள்வதைப் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

உள்ளே ஒரு மங்கல் பல்பு. தூசி வாடை. வரிசையாகக் கம்பிகள், அவற்றில் எப்போதோ தொங்கவிட்டு எடுக்காமல் விட்ட சில விரிப்புகள். கட்டைக் கண்டுபிடித்துக் குனிந்தாள்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியது.

கொண்டி விழுந்தது.

“அக்கா?”

பல்பு அணைந்தது.

“அக்கா! விளையாடாதீங்க! கதவைத் திறங்க!”

கதவுக்கு அந்தப் பக்கம் பொடிசின் அழுகைக் குரல். “மன்னிச்சுடுங்க டெய்லரக்கா! துணைக்கு ஒரு ஆளு குடுத்தா எங்கள விட்டுடறேன்னு சுருட்டை சொன்னாளாம். பெரியக்காகிட்ட கேட்டாளாம்...” யாரோ அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு இருட்டில் ஒரு ‘டக்’.

இன்னொரு ‘டக்’.

துண்டித்துப் போட்ட குழாய்கள் சூடாகிக்கொண்டிருந்தன.

முதலில் பாதத்தில் தெரிந்தது. பிறகு முகத்தில். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் சுட்டது. அவள் கதவை அறைந்தாள். இரும்பு கொதித்தது, கையை எடுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அறைந்தாள். கத்தினாள். நிறுத்தி, காது கொடுத்தாள்.

வெளியே டப்பா மூடிகளின் சத்தம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் கத்துவதை விட்டாள். கதவருகே சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் கவனித்தாள், தட்டும் சத்தம் நிற்கவில்லை. அவள் கை மடியில் கிடந்தது. தலைக்கு மேலே, கதவில், வேறு இரண்டு கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

மெதுவாக. சலிப்பில்லாமல்.

தொங்கிய விரிப்புகள் ஒவ்வொன்றாக அசைந்தன, யாரோ நடுவே நடந்து வருவது போல. இல்லை, வரவில்லை. பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

“கத்தாத.” காதுக்குள் சூடான மூச்சு. “அவங்களுக்குக் கேக்குது. அன்னைக்கும் கேட்டுச்சு.”

தையல்காரி குரலை இறக்கினாள்.

“நான்... நான் உனக்குத் துணைக்காமே...”

“துணையா?” அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. “நான் துணை கேக்கல. கதவைத் திறங்கன்னுதான் சொன்னேன். மூணு வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

வெளியே வாயாடியின் குரல் எதையோ சொன்னது. பெரியக்கா சிரித்தாள். சிரிப்பு கேட்டதும் தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒரு கணம் நின்றன.

“நானும் அங்கதான் உக்காருவேன்,” என்றது அந்தக் குரல். “பெரியக்கா பக்கத்துல. நல்லா இருந்துச்சு இல்ல?”

தையல்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“நல்லா இருந்துச்சு,” என்றாள்.

அவள் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. அது இப்போது சுடவில்லை. அல்லது அந்த அறையில் எல்லாமே அதே சூட்டுக்கு வந்துவிட்டிருந்தது. நினைவு தப்புவதற்கு முன் அவள் கேட்டது, கொண்டி விலகும் சத்தம்.

திறந்தவர் பாய்லர்காரர். மூன்று வருஷம் அசையாத ஒரு அளவுமானியில் முள் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர், கொண்டி போட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் ஓடிவந்தபோதும் நான்கு பேரும் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லையாம்.

சூப்பர்வைசர் வந்து விசாரித்தார். “காத்துல தானா சாத்திக்கிச்சு சார்,” என்றாள் பெரியக்கா. “மெஷின் சத்தத்துல எங்களுக்குக் கேக்கல,” என்றாள் கண்ணாடி. வாயாடி தலையாட்டினாள். பொடிசு ஒருமுறை தையல்காரியின் கொப்புளம் எழும்பிய உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு, “ஆமா சார், காத்துல,” என்றாள். உள்ளே இருந்ததால் கொண்டி போட்டது யாரென்று தையல்காரி பார்க்கவில்லை. பாய்லர்காரர் ஒரு ஆள். அவர்கள் நாலு பேர். சூப்பர்வைசர் எழுதிக்கொண்டது நாலு பேர் சொன்னதைத்தான்.

தையல்காரி நீலத் துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரிவுப் பாதையில் ஏறினாள். பாதி வழியில், வெயில் தொடங்கும் இடத்தில், தன்னை அறியாமல் நடையைத் தளர்த்தினாள். பின்னாலிருந்து யாராவது ‘தங்கச்சி’ என்று கூப்பிடுவார்களோ என்று காது அப்போதும் காத்திருந்தது. அந்தக் காதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

யாரும் கூப்பிடவில்லை.

கை ஆற இரண்டு மாதமாயிற்று. ஊரின் மறுகோடியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்த சமயம் பாய்லர்காரர் போன் செய்தார். சூட்டறைக் கதவைக் கழற்றிவிட்டுச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார்களாம்.

“அடைச்சு வெச்சுட்டாங்களா அவளை?” என்று கேட்டாள்.

“அடைக்க அங்க என்னம்மா இருக்கு? நீ போன அன்னைக்கிலிருந்தே ஒரு தட்டல்கூடக் கேக்கல. நாலு பேரும் சிரிச்சுக்கிட்டு சௌக்கியமா இருக்காங்க. அவ எங்கயோ போயிட்டா.”

புது இடத்துக்கு முதல் நாள் எட்டு மணிக்குப் போனாள். பளபளப்பான கண்ணாடிக் கதவு. வெளியே காவலாளி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

“இன்னைக்குப் புதுசா ஒருத்தங்கன்னுதான் போட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “நான் மட்டுந்தாங்க,” என்றாள்.

அவர் ஏதோ தமாஷைக் கேட்டவர் போலச் சிரித்தார். “சரி சரி. வாங்க, நேரமாச்சு,” என்று கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் உள்ளே நடந்தாள். பத்தடி போன பிறகும் பின்னால் கதவு மூடும் சத்தம் வரவில்லை. எதிர்ச் சுவரின் பளபளப்பில் அவர் தெரிந்தார். கதவைப் பிடித்தபடியே ஒதுங்கி நின்று, இன்னொரு ஆள் கடந்து போகும் நேரம்வரை வழிவிட்டார்.

“பாத்துப் போங்கம்மா,” என்றார், அவளிடமல்ல.